துணிக்கு மென்மையூட்டி வேண்டுமா?



துவைத்த துணி விறைப்பாக இருக்க வேண்டுமா, மென்மையாக இருக்க வேண்டுமா? நம் வீடுகளில் இவ்வினாவிற்கு ஒரே விடை என்றும் இருந்ததில்லை. சோறு வடித்த கஞ்சியில் வேட்டியை நனைத்து உலர்த்திப் பெட்டி போட்டு, நடக்கும்போது மொடமொடவென ஓசை எழ உடுத்துவதைப் பெருமையாகக் கருதிய குடும்பத்திலேயே, கைக்குழந்தைக்கு மட்டும் பாட்டியின் பழைய நூற்சேலையால்தான் தூளி கட்டினார்கள். புதுத் துணியின் முரட்டுத்தன்மை குழந்தையின் உடம்புக்கு ஆகாது. பல நூறு முறை துவைத்து நைந்த துணியே ஆகும் என்பது அவர்கள் பட்டறிவால் கண்ட உண்மை. மென்மை அன்று கடையில் விலைக்கு வாங்கும் பொருளாக இருக்கவில்லை. காலமும் உழைப்பும் சேர்ந்து தந்த பண்பாக இருந்தது.

இன்று அது புட்டியில் கிடைக்கிறது. 'பேப்ரிக் கண்டிஷனர்' என்ற பெயரில், நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ, மலரின் மணம் கமழும் குழம்பாகப் பெரிய கடைகளில் அடுக்கியிருக்கிறார்கள். சிற்றூர்ப் பெட்டிக்கடைகளிலும் சிறு பொட்டலங்களாகச் சரம் சரமாகத் தொங்குகிறது. இதனை நாம் 'மென்மையூட்டி' என்று வழங்குவோம். இதனைத் துணிக்கு இடலாமா, கூடாதா என்று என்னிடம் வினவியவர் பலர். அறிவியல் கற்பித்த ஆசிரியன் ஒருவன் ஓய்வுபெற்றுத் திண்ணையில் அமர்ந்திருந்தால், தெருவில் உள்ளோர் அனைவரும் அவனிடம் ஐயம் கேட்கத்தானே செய்வார்கள்! அவர்களுக்கு நான் கூறும் விடை இதுதான்: சில துணிகளுக்கு அது பயன்படும், சில துணிகளைக் கெடுத்துவிடும், மிகப் பல துணிகள் அதன் உதவியின்றியே மென்மை பெறும். எந்தத் துணி எந்த வகையைச் சார்ந்தது என்பதை அறிய வேண்டுமானால், துணி ஏன் விறைக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நான் வாழும் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஆவுடையார்கோவில். மாணிக்கவாசகரின் வரலாற்றோடு இணைந்த திருப்பெருந்துறை இதுவே. இங்குள்ள ஆத்மநாதசுவாமி கோயிலின் கொடுங்கைகளைக் காண வெளியூர்களிலிருந்து பலர் வருவர். மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் கொண்டு கட்டிய கூரையோ என்று ஐயுறும் வண்ணம் கல்லை அங்கே இழைத்திருக்கிறார்கள். கல்லையே இளக்கிய ஊரிலிருந்துகொண்டு துணியை இளக்குவது எப்படி என்று பேசுகிறேனே என நீங்கள் நகைக்கலாம். ஆனால் எங்கள் வட்டாரத்தில் துணி துவைப்பது எளிய செயலன்று. கிழக்கே சில கல் தொலைவில் கடல். நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்புடையது. மழை பெய்து கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் சோப்பைத் தொட்டவுடன் நுரை பொங்கும். கோடையில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் அதே சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரை வாராது. கையில் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். உங்கள் பாடநூலில் வரும் கடின நீர், மென்னீர் என்ற பாகுபாட்டை எங்கள் ஊர்ப் பெண்கள் பாடநூல் இன்றியே அறிவார்கள்.

கடின நீர் என்பது என்ன? கால்சியம், மக்னீசியம் ஆகிய உலோகங்களின் உப்புகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீர். மழைநீரில் இவை ஏறத்தாழ இல்லை. அது மண்ணிலும் பாறையிலும் ஊடுருவிச் செல்லும்போதுதான் இவ்வுப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்புடையது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுத்துள்ளது. இது குடிப்பதற்குரிய அளவு. சோப்போ 200 மில்லிகிராமிலேயே தொல்லைப்படத் தொடங்கிவிடும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு, நீரில் கரையும். கால்சியம் வந்து சோடியத்தின் இடத்தைப் பற்றிக்கொண்டால், அது நீரில் கரையாத வெண்ணிறத் திரியாக மாறிவிடும். அழுக்கை நீக்க வேண்டிய சோப்பே இவ்வாறு அழுக்காக மாறித் துணியிழைகளின் இடையில் சென்று அமர்கிறது. பலமுறை துவைத்த வெள்ளைச் சட்டை பழுப்பேறிச் சொரசொரப்பாவதற்கு இது ஒரு காரணம்.

இத்தொல்லைக்கு நம் முன்னோர் கண்ட தீர்வு வியப்புக்குரியது. சலவைத் தொழிலாளர் உவர்நிலத்தில் கோடையில் பூக்கும் வெண்மண்ணைச் சுரண்டி எடுத்துவந்தனர். உவர்மண் எனப்படும் அதில் சோடியம் கார்பனேட்டு, அதாவது நாம் இன்று கடையில் வாங்கும் சலவைச் சோடா, கலந்திருந்தது. சலவைச் சோடா நீரிலுள்ள கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியச் செய்து நீரை மென்மையாக்கும். உவர்மண் கரைசலில் தோய்த்த துணிகளை அடுக்கி, வெள்ளாவிப் பானையின் நீராவியில் இரவெல்லாம் அவித்தனர். அவ்வெப்பத்தில் துணியில் ஒட்டியுள்ள எண்ணெய்ப் பிசுக்கும் காரமும் வினைபுரிந்து, துணியின்மேலேயே சிறிதளவு சோப்பு உண்டாகும். அழுக்கையே சோப்பாக்கி அதனைக்கொண்டே அழுக்கை நீக்கும் முறை இது! பின்னர் ஓடும் நீரில் அலசினர், கல்லில் அடித்தனர், மணலிலும் புல்லிலும் விரித்து வெயிலில் வெளுத்தனர். கல்லில் அடித்ததால் இழைகள் நெகிழ்ந்தன. பொத்தான்கள் பல அக்கல்லில் உயிர்விட்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. இவ்வளவு நுட்பத்தையும் எந்தப் பள்ளியும் வேதியியல் என்று போற்றவில்லை. இதனை அறிந்திருந்த மக்களுக்கு ஊர் அளித்தது சிறிதளவு நெல்லும், வீட்டின் பின்வாசலுமே. துணி வெண்மையாக வேண்டும் என்று விரும்பிய சமுதாயம், அதனை வெளுத்தவரைத் தீண்டத்தகாதவர் எனத் தள்ளியும் வைத்தது. இதனை நீங்கள் அறிந்திருத்தல் நன்று.

சோப்பின் இடத்தைப் பின்னர்ச் செயற்கைச் சலவைத்தூள் பிடித்துக்கொண்டது. 1959-இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் இந்தியாவில் சர்ப் தூளை அறிமுகம் செய்தது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்பார் குறைந்த விலையில் நிர்மாவைத் தயாரித்து, மிதிவண்டியில் வைத்து வீடு வீடாக விற்கத் தொடங்கினார். செயற்கைச் சலவைப்பொருள் கடின நீரில் சோப்பைப்போல் திரிந்துவிடுவதில்லை. அது அதன் சிறப்பு. ஆனால் அது எண்ணெய்ப் பசையை முற்றிலும் வழித்து எடுத்துவிடும். பருத்தியிழையைச் சற்று வழுவழுப்பாக வைத்திருந்த மெல்லிய பசையும் அதனோடு போய்விடுகிறது. தூளில் கலந்துள்ள சலவைச் சோடா அரைகுறையாக அலசிய துணியிலே தங்கிவிடுகிறது. துணி தூய்மையாகிறது, ஆனால் முரடாகிறது. மென்மையூட்டி என்ற பொருளுக்கு உலகில் பெரிய தேவை எழுந்தது இச்செயற்கைச் சலவைப்பொருளும் சலவை இயந்திரமும் பரவிய பிறகுதான் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு பொருள் விளைத்த குறையை நீக்க மற்றொரு பொருள் வந்தது.

உவர்நீர் தரும் விறைப்பு ஒன்று தனியே உண்டு. அதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் உப்பு கரைந்திருப்பதாகக் கொள்வோம். அந்நீரில் அலசிப் பிழிந்த போர்வை ஒன்று அரை லிட்டர் நீரைத் தன்னுள் வைத்திருக்கிறது. கொடியில் அது உலரும்போது நீர் மட்டுமே ஆவியாகிச் செல்லும். அரைக் கிராம் உப்பு போர்வையிலேயே தங்கிவிடும். இவ்வாறு தங்கிய உப்பை எந்த மென்மையூட்டியும் நீக்காது. கடைசி அலசலுக்கு மட்டுமேனும் நல்ல நீரை வைத்துக்கொள்வதே அதற்கு மருந்து. எங்கள் தெருவில் சில வீடுகளில் மழைக்காலத்துக் கூரைநீரைத் தொட்டியில் பிடித்துவைத்து, வெள்ளைத் துணிகளின் கடைசி அலசலுக்கு மட்டும் எடுப்பார்கள். வேறு செலவு எதுவுமின்றி அவர்களுடைய துணிகள் மற்ற வீட்டுத் துணிகளைவிட மென்மையாகவே இருக்கக் காண்கிறேன்.

உப்பும் இல்லை, சோப்புப் படிவும் இல்லை, தூய மென்னீரிலேயே துவைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பருத்தித் துண்டு கொடியில் அசையாமல் உலர்ந்தால் அப்பளம்போல் விறைத்துவிடுகிறதே, ஏன்? இவ்வினா நெடுங்காலமாக அறிஞர்களை மயக்கியது. ஜப்பான் நாட்டின் காவோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் இணைந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. பருத்தி என்பது செல்லுலோஸ். நீரை விரும்பி ஈர்த்துக்கொள்வது அதன் இயல்பு. துணி உலர்ந்துவிட்டது என்று நாம் கருதும்போதும், இழைகளின் மேற்பரப்பில் மிக நுண்ணிய அளவு நீர் பிணைந்து நிற்கிறது. இப்பிணைநீர் அருகருகே உள்ள இரண்டு இழைகளுக்கு இடையில் பசைபோல் நின்று அவற்றை ஒட்டிவைக்கிறது. ஆயிரக்கணக்கான இழைகள் இவ்வாறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் துண்டு பலகைபோல் ஆகிறது. காவோ நிறுவனம் தானும் மென்மையூட்டி விற்கும் நிறுவனமே. ஆயினும் அவர்கள் கண்ட உண்மை, மென்மையூட்டி வாங்காதவர்க்கும் பயன்படுகிறது. எப்படியெனில், ஒட்டிய இழைகளைப் பிரித்துவிட்டால் விறைப்பு நீங்கும் அல்லவா? துணியைக் கொடியில் இடுமுன் நன்றாக உதறுங்கள். பாதி உலர்ந்ததும் ஒருமுறை எடுத்து உதறித் திருப்பிப் போடுங்கள். காற்று வீசும் இடத்தில் படபடவென அடித்துக்கொண்டே உலரும் துணியில் இழைகள் ஒட்டிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. உலர்ந்தபின் மடிக்கும்போது கையால் கசக்கி மடியுங்கள். நம் அன்னையர் துணியைப் 'பளீர், பளீர்' என உதறிக் கொடியில் போடுவதை வெறும் பழக்கம் என்று எண்ணியிருப்பீர்கள். அதற்குள் இவ்வளவு பொருள் இருக்கிறது.

இனி, மென்மையூட்டி என்ன செய்கிறது என்பதைக் காண்போம். அது துணியைக் கழுவும் பொருளன்று. இதனை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அதனிடம் உள்ள முக்கியப் பொருள் நேர்மின் ஏற்றம் பெற்ற தலையும், நீண்ட கொழுப்பு வாலும் உடைய மூலக்கூறு. நீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பில் எதிர்மின் ஏற்றம் உண்டு. ஆகவே நேர்மின் தலை துணியைச் சென்று பற்றிக்கொள்கிறது; கொழுப்பு வால் வெளிப்புறமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வோர் இழையும் மெல்லிய எண்ணெய்ப் போர்வை போர்த்தியதுபோல் ஆகிறது. இழைக்கும் இழைக்கும் இடையே உராய்வு குறைகிறது. பிணைநீர் இழைகளை ஒட்டவைப்பதும் தடைப்படுகிறது. நம் கை அதனைத் தடவிப் பார்த்து 'ஆ, மென்மை!' என்கிறது. கஞ்சியும் துணியின்மேல் ஒரு பூச்சுத்தான். மென்மையூட்டியும் ஒரு பூச்சுத்தான். முன்னது இழைகளை ஒட்டுகிறது; பின்னது வழுக்கச் செய்கிறது. ஒரே சட்டைக்கு இரண்டையும் இடுவோரையும் நான் கண்டிருக்கிறேன்!

நெசவாலைகளில் சாயமேற்றிய பின்னர் விறைத்துப்போன பருத்தித் துணிக்கு எண்ணெயும் சோப்பும் கலந்த குழம்பை இட்டு இளக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. அது பின்னர் வீட்டுக்கு வந்தது. அமெரிக்காவில் 1960-இல் டவுனி என்ற பெயரிலும், இங்கிலாந்தில் 1969-இல் கம்பர்ட் என்ற பெயரிலும் மென்மையூட்டிகள் விற்பனைக்கு வந்தன. தொடக்கத்தில் மாட்டுக்கொழுப்பிலிருந்து பெற்ற சேர்மமே பெரிதும் பயன்பட்டது. அது நீர்நிலைகளில் எளிதில் சிதையவில்லை என்பது தெரிந்தபின், 1990-களில் ஐரோப்பாவில் அதனை விடுத்து, விரைவில் சிதையக்கூடிய எஸ்டர் வகைச் சேர்மங்களுக்கு மாறினார்கள். மணம் நெடுநாள் நீடிக்க வேண்டும் என்பதற்காக, நறுமண எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செயற்கைக் கூடுகளில் அடைத்துச் சேர்க்கும் முறையும் வந்தது. துணியைக் கசக்கும்போதெல்லாம் சில கூடுகள் உடைந்து மணம் வீசும். இக்கூடுகள் நுண்நெகிழியாய் நீரில் சேர்வதால், இத்தகையவற்றிற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கட்டுப்பாடு விதித்து, மாற்றுப் பொருள் காண்பதற்குச் சில ஆண்டுகள் தவணை அளித்துள்ளது.

எங்கள் தெருவில் வாழும் அம்மையார் ஒருவர் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காப்பவர். ஒருநாள் புதுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஐயா, இதை வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை. தலையைத் துவட்டினால் ஈரம் போகவே மாட்டேன் என்கிறது. இதற்கு முன்னும் இரண்டு துண்டு இப்படியே ஆகித் தரை துடைக்கப் போட்டுவிட்டேன். கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டார்.

"எதில் துவைக்கிறீர்கள் அம்மா?" என்றேன்.

"தூள்தான் ஐயா. அதோடு சேர்த்து அந்த வாசனைப் பொட்டலமும் ஒன்று ஊற்றி ஊறவைப்பேன். பிள்ளைகளுக்கு அந்த வாசனை பிடிக்கிறது."

கடைக்காரர் மீது குற்றம் எதுவும் இல்லை. சலவைத்தூளின் முக்கியப் பொருள் எதிர்மின் ஏற்றம் உடையது. மென்மையூட்டியோ நேர்மின் ஏற்றம் உடையது. இரண்டையும் ஒரே வாளியில் சேர்த்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் வலுவிழக்கும். தூளும் சரிவர அழுக்கை நீக்காது. அவை சேர்ந்த பசை துணியிலே படியும். மென்மையூட்டியை இடுவதாயின், தூளை முற்றிலும் அலசிய பிறகு, கடைசி நீரில் மட்டுமே இடுதல் வேண்டும். இயந்திரத்தில் அதற்கெனத் தனிக் கிண்ணம் வைத்திருப்பது இக்காரணத்தால்தான். இவ்வாறு முறைப்படி இட்டிருந்தாலும் அவருடைய துண்டு கெட்டிருக்கும் என்பது மற்றொரு செய்தி. கொழுப்புப் பூச்சு நீரை விரும்புவதில்லை. பூச்சு ஏற ஏற, துண்டின் இழைகள் நீரை உறிஞ்சும் ஆற்றலை இழக்கின்றன. தொட்டால் பஞ்சுபோல் இருக்கும். துடைத்தால் ஈரம் போகாது. துண்டு எதற்காக இருக்கிறதோ அத்தொழிலையே அது மறந்துவிடுகிறது. பொட்டலத்திற்குச் சில ரூபாயும், வீணான துண்டுகளின் விலையும் சேர்த்துக் கூட்டினால், அவருடைய கூலியில் அது சிறு தொகையன்று.

ஆகவே, நீரை உறிஞ்ச வேண்டிய எந்தத் துணிக்கும் மென்மையூட்டி கூடாது. துண்டு, கைக்குட்டை, குழந்தையின் அணையாடை, சமையலறைத் துணி ஆகியவை இவ்வகையின. மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்தும் துணிகளும் இவ்வகையே. இதனை வெளிப்படையாகக் கூற வெட்கப்படுவதால்தான் பல பெண்பிள்ளைகள் அத்துணி உறிஞ்சாமைக்குக் காரணம் அறியாமல் துன்புறுகிறார்கள். அவற்றைத் தூளோ சோப்போ கொண்டு துவைத்து, நன்கு அலசி, நிழலில் ஒளிக்காமல் வெயிலில் உலர்த்துவதே முறை. விளையாடும்போது அணியும் செயற்கையிழைப் பனியன்களும் வியர்வையை நூலின் இடைவெளி வழியே வெளிக்கொணர்வதற்கென நெய்யப்பட்டவை. பூச்சு அவ்விடைவெளிகளை அடைத்துவிடும். வியர்வை நாற்றமும் அப்பூச்சோடு தங்கிவிடும்.

தீயைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். நெருப்பு எளிதில் பற்றாதபடி பதப்படுத்திய குழந்தையாடைகளுக்கு இதனைப் பயன்படுத்தலாகாது என்று அமெரிக்காவில் விற்கும் புட்டிகளில் எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். கொழுப்புப் பூச்சு அப்பதத்தின் வலிமையைக் குறைத்துவிடும். நம் நாட்டில் இத்தகைய ஆடைகள் அரிது. ஆனால் அடுப்பருகே நிற்கும்போது அணியும், மேலே பஞ்சுபோல் மயிர் எழுந்த பருத்தி ஆடைகள் நம்மிடம் உண்டு. அவற்றின் மயிரை மேலும் புசுபுசுவென எழுப்பிக் கொழுப்பையும் தடவுவது அறிவுடைமை ஆகாது.

அவ்வாறாயின் இது எதற்குத்தான் பயன்படும்? பாலியெஸ்டர், நைலான் முதலிய செயற்கையிழைகள் நீரை ஈர்ப்பதில்லை. காற்று உலர்ந்திருக்கும்போது அவை உராய்வினால் மின்னேற்றம் பெற்று உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது படபடவெனப் பொறி பறக்கும். மென்மையூட்டி அவ்விழைகளின்மேல் காற்றின் ஈரத்தைச் சிறிது நிறுத்தி மின்னேற்றம் கசிந்துபோக வழி செய்கிறது. வடநாட்டுக் குளிர்காலத்தில் இது பெரிய உதவி. எங்கள் ஊர்போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றே ஈரமாக இருப்பதால் இத்தொல்லை குறைவு. பள்ளிச் சீருடைகளிற் பல பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தவை. அவற்றில் சுருக்கம் குறைந்து பெட்டி போடுவது எளிதாக வேண்டுமெனில், எப்போதேனும் சிறிதளவு இடலாம். திரைச்சீலை, மேற்போர்வை முதலியவற்றிற்கும் இடுவதில் தவறில்லை. இடும்போது மூடியில் குறித்த அளவுக்கு மேல் வேண்டா. மிகுதியாக இட்டால் மென்மை மிகுவதில்லை, பிசுக்கே மிகும். பட்டுக்கும் கம்பளிக்கும் காரம் ஆகாது. ஆதலால் அவற்றிற்கு நம் பாட்டிமார் கையாண்ட பூந்திக்கொட்டை நுரை இன்றும் நல்லது. அதில் காரம் இல்லாமையால் இழை முரடாவதில்லை. முரடாகாத இழைக்கு மென்மையூட்டி எதற்கு?

மணத்தைப் பற்றிச் சிலர் வேறு வகையாக எண்ணுகின்றனர். மணம் வீசினால் துணி தூய்மையாயிற்று என்பது அவர்கள் கருத்து. தூய துணிக்கு மணமே இல்லை. மலர்மணம் அழுக்கை மறைக்குமே தவிர நீக்காது. சிலருடைய தோலுக்கு இந்நறுமணப் பொருள்கள் ஒவ்வாமல் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். பச்சிளங்குழந்தையின் சட்டைக்கு இவ்விடரை வலிய வரவழைக்க வேண்டியதில்லை. மேலும், நாம் கொட்டும் அலசல்நீர் எங்கே செல்கிறது? நகரத்தில் சாக்கடைக்கு, எங்கள் ஊரில் கொல்லை வாழைக்கும் ஊருணிப் பள்ளத்துக்கும். நேர்மின் ஏற்றமுடைய இச்சேர்மங்கள் செறிவாகச் சேர்ந்தால் பாசிக்கும் நீரில் வாழும் நுண்ணுயிர்க்கும் கேடு விளைப்பவை. இன்றைய வகைகள் விரைவில் சிதைபவை என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் கோடையில் முழங்கால் ஆழமே நீர் நிற்கும் குட்டையில் அவற்றைக் கொட்டுவதற்கு அந்த ஆறுதல் போதாது.

என் சொல்லை நம்ப வேண்டா; நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே பழைய பருத்தித் துண்டிலிருந்து இரண்டு விரற்கடை அகலமுள்ள சதுரங்கள் இரண்டை வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகவே துவைத்து அலசுங்கள். ஒன்றை மட்டும் மென்மையூட்டி கலந்த நீரில் சிறிது நேரம் வைத்துப் பிழிந்து உலர்த்துங்கள். இவ்வாறு ஐந்தாறு முறை செய்யுங்கள். பின்னர் அகன்ற கிண்ணத்தில் நீரை நிரப்பி, இரண்டு சதுரங்களையும் நீரின்மேல் மெல்லக் கிடத்துங்கள். எது எத்தனை வினாடியில் நனைந்து மூழ்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். துணியின் உறிஞ்சும் ஆற்றலை அளக்கத் துணியாய்வுக் கூடங்களிலும் இதையொத்த முறையைக் கையாள்வதுண்டு. நீரையும் சோதிக்கலாம். இரண்டு சிறு புட்டிகளில் ஒன்றில் மழைநீரும் மற்றொன்றில் உங்கள் கிணற்று நீரும் சம அளவு ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்புத் துருவலை இட்டுக் குலுக்குங்கள். தூள் வேண்டா, சோப்பாகவே இருக்கட்டும். எதில் நுரை நிற்கிறது, எதில் திரி மிதக்கிறது என்று பார்த்தால் உங்கள் வீட்டுத் துணி விறைப்பதற்கு நீர் எவ்வளவு பொறுப்பு என்பது விளங்கும்.

அந்த அம்மையாரின் துண்டுகளை மீட்க முடிந்தது. தரை துடைக்கப் போட்ட இரண்டுமே அவருக்குத் திரும்பக் கிடைத்தன. முறை எளிது. கைபொறுக்கும் சூட்டை விடச் சற்று மிகுந்த வெந்நீரில், வழக்கமான அளவு சலவைத்தூளும் இரண்டு கரண்டி சலவைச் சோடாவும் கரைத்துத் துண்டுகளை ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். தூளின் எதிர்மின் பொருள், துணியைப் பற்றிய நேர்மின் பொருளைத் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். துவைத்து நன்றாக அலசிய பின், ஒரு வாளி நீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து அதில் முக்கி எடுத்தால், தங்கியிருக்கும் காரமும் சுண்ணாம்புப் படிவும் கரையும். மீண்டும் ஒருமுறை வெறுநீரில் அலச வேண்டும். வினிகரை வெளுக்கும் குளோரின் நீரோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு எழும். இயந்திரத்தில் நாள்தோறும் ஊற்றவும் வேண்டா. அதன் இரப்பர் உறுப்புகள் கெடலாம். இவ்வாறு இரண்டு மூன்று முறை, மென்மையூட்டியின்றித் துவைத்து, உதறி, காற்றில் உலர்த்துங்கள். முதல் துவைப்பிலேயே முழுப் பயன் தெரியாது. மூன்றாம் துவைப்பில் துண்டு மீண்டும் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும்.